ஒன்பதாம் தரத்தின் முடிவில் வரும் படிவம்: ஊவா தோட்டப் பிள்ளைகளும் தொகுதிப் பாடங்களும்

சில வாரங்களுக்கு முன்னர் ஓர் இரவு, கிளிநொச்சி பாரதிபுரத்திலிருந்து என் சித்தப்பாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, இவன்ர பள்ளிக்கூடத்தில ஒரு படிவம் குடுத்திருக்கினம். அடுத்த வருசத்துக்கு மூண்டு பாடம் தெரிவு செய்யோணுமாம். நாளைக்குக் கையெழுத்து வைச்சுக் குடுக்கோணும். எதுக்குச் சரி போடுறது?"

சித்தப்பா 1977 வன்செயலுக்குப் பிறகு பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வவுனியாவுக்குப் போனவர். பின்னர் கிளிநொச்சியில் குடியேறினார். ஊவாவிலிருந்து 1977இலும் 1983இலும் அப்படி வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. மலையில் அடிவாங்கிப் போனவர்கள், போன இடத்தில் போருக்குள் அகப்பட்டார்கள். என் தங்கை சாதாரண தரம் எழுதியது சமாதான காலத்தில். உயர்தரம் படிக்கும்போது யுத்தம் திரும்பி வந்துவிட்டது. 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியே வந்தவளுக்குப் பிறகு பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கவில்லை. மகனாவது படிக்கவேண்டும் என்பதே அவளுடைய ஒரே நினைப்பு.

நான் இன்னும் ஊவாவில்தான் இருக்கிறேன். பதுளை மாவட்டத்தின் தோட்டப்புறப் பாடசாலைகளில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கற்பித்திருக்கிறேன். அதில் அநேக வருடங்கள் ஒன்பதாம் தர வகுப்பாசிரியன். அந்தப் படிவத்தை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். தங்கைக்குச் சொன்னதை எங்கள் தோட்டங்களிலும் வன்னியிலும் உள்ள மற்றப் பெற்றோருக்கும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டு இடத்திலும் பாடத்திட்டம் ஒன்று, படிவம் ஒன்று, ஆசிரியர் தட்டுப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான்.

படிவத்தில் இருப்பவை

க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஒரு பிள்ளை ஒன்பது பாடங்கள் எழுதுகிறது. அவற்றில் ஆறு கட்டாயப் பாடங்கள்: சமயம், முதல்மொழி (எமக்குத் தமிழ்), ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மிகுதி மூன்றும் தொகுதிப் பாடங்கள். கூடைப் பாடங்கள் என்றும் சொல்வார்கள். மூன்று தொகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தைத் தெரிவு செய்யவேண்டும். ஒன்பதாம் தர முடிவில் தெரிவு செய்து, பத்தாம் பதினோராம் தரங்களில் படித்து, பரீட்சை எழுதவேண்டும்.

முதலாம் தொகுதியில் வணிகக் கல்வியும் கணக்கீடும், புவியியல், குடியுரிமைக் கல்வி, முயற்சியாண்மைக் கல்வி, இரண்டாம் மொழி (தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம்) என்பனவும் சில வெளிநாட்டு மொழிகளும் வரும்.

இரண்டாம் தொகுதி அழகியல் சார்ந்தது. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், இலக்கிய நயம் ஆகியவை இதில் உள்ளன.

மூன்றாம் தொகுதி தொழில் சார்ந்தது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், கலையும் கைப்பணியும், நிர்மாணம், இயந்திரம், மின்னும் இலத்திரனும் சார்ந்த தொழினுட்பப் பாடங்கள் முதலியன இதில் அடங்கும்.

தாளில் பார்த்தால் முப்பதுக்கு மேற்பட்ட பாடங்கள் இருப்பது போலத் தெரியும். தோட்டப் பாடசாலையில் நிலைமை வேறு.

உண்மையில் தெரிவு செய்வது யார்

எங்கள் பாடசாலைகளில் தொகுதிப் பாடத்தைத் தெரிவு செய்வது பிள்ளையும் அல்ல, பெற்றோரும் அல்ல. ஆசிரியர் வரவுப் புத்தகம்தான் தெரிவு செய்கிறது. சித்திர ஆசிரியர் இருந்தால் வகுப்பு முழுவதும் சித்திரம் படிக்கும். அவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் அடுத்த வகுப்பு முழுவதும் நாடகமும் அரங்கியலும் படிக்கும். உடற்கல்விக்கு ஒருவர் இருந்தால் மூன்றாம் தொகுதி முடிந்த கதை. கணினிக்கூடம் இருந்தும் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இருந்தும் கணினி வேலை செய்யவில்லை என்ற நிலைமையையும் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்த முறைக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1948இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1970களில்தான் அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. மற்றவர்கள் ஒரு தலைமுறைக் காலம் ஓடி முடித்த பிறகுதான் நாங்கள் ஓடத் தொடங்கினோம்.

பாடசாலையின் வகையையும் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும். 1 ஏபி பாடசாலையில் விஞ்ஞானத்துறை உட்பட உயர்தரம் இருக்கும். 1 சி பாடசாலையில் கலை, வர்த்தகத் துறைகளில் மட்டும் உயர்தரம் இருக்கும். வகை 2 பாடசாலை பதினோராம் தரத்துடன் முடிந்துவிடும். வகை 3 பாடசாலை ஆரம்ப வகுப்புகளுக்கோ எட்டாம் தரத்துக்கோ உரியது. எங்கள் தோட்டப்புறங்களில் பெரும்பாலானவை பின்னைய இரண்டு வகையைச் சேர்ந்தவை. லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று விஞ்ஞானத்துறையில் உயர்தரம் படிக்கவேண்டுமானால் பசறைக்கோ பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போகவேண்டியிருக்கும். பஸ் செலவு, தங்கும் இடம், பெண்பிள்ளை என்றால் வீட்டாரின் பயம் எல்லாம் அதற்குள் வரும். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. தோட்டச் சம்பளத்துக்குள்தான் இந்தச் செலவும் அடங்கவேண்டும்.

ஒரு தாய் கேட்ட கேள்வி

ஒருமுறை படிவம் கொடுக்கும் நாளில் ஒரு தாய் அரைநாள் பேரோடு மலையிலிருந்து நேரே பாடசாலைக்கு வந்தார். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"சேர், இதுல எதை எடுத்தா புள்ள மலைக்கு வரத் தேவையில்ல?"

நான் மூன்று தொகுதிகளையும் விளக்கினேன். எங்களிடம் எந்தெந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் கைநாட்டு வைக்காமல், தமிழில் நிதானமாகப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நான் சரியான பதிலைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த வகுப்புக்கு விஞ்ஞான ஆசிரியர் இருக்கவில்லை. பத்தாம் தரத்தில் இரண்டு தவணைகள் விஞ்ஞான பாடவேளையில் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள், அல்லது வேறு பாடத்துக்கான குறிப்பு எழுதினார்கள். வகுப்பாசிரியனான நான் அதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லவில்லை. வலயக் கல்விப் பணிமனைக்கு அதிபர் ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பின்னால் நானும் போகவில்லை, வேறு யாரும் போகவில்லை. அந்தத் தாயின் மகள் தொகுதிப் பாடங்கள் மூன்றிலும் ஏ எடுத்தாள். தமிழுக்கும் ஏ. விஞ்ஞானத்துக்கு எஸ். உயிரியல் படிக்க ஆசைப்பட்டவள், நகரத்துப் பாடசாலையில் விஞ்ஞானத்துறைக்கு இடமில்லை என்று திரும்பி வந்தாள். கலைத்துறையில் சேர்ந்து, ஒருமுறை எழுதி, பல்கலைக்கழகம் கிடைக்காமல், கொழும்பில் கடை ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். மலைக்குப் போகவில்லைதான். ஆனால் அவளுடைய அம்மா கேட்டது அதை அல்ல.

எந்தக் கதவு எங்கே மூடுகிறது

தொகுதிப் பாடத் தெரிவு உயர்தரத்தின் வழியை அநேகமாக அடைப்பதில்லை. கணிதமும் விஞ்ஞானமும்தான் அடைக்கின்றன. பெற்றோர் முதலில் மனதில் வைக்கவேண்டியது இதைத்தான்.

உயர்தரத்துக்குத் தகுதிபெறப் பொதுவாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அந்த ஆறில் முதல்மொழியும் கணிதமும் இருக்கவேண்டும். மூன்று பாடங்களிலாவது திறமைச் சித்தி, அதாவது சி அல்லது அதற்கு மேல், வேண்டும். பௌதிக விஞ்ஞானத்துறைக்குக் கணிதத்திலும், உயிரியல் விஞ்ஞானத்துறைக்கு விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு பார்ப்பார்கள். கல்வியமைச்சின் சுற்றுநிருபம் அவ்வப்போது மாறும் என்பதால், அந்தந்த வருடத்து விதியை அதிபரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உயர்தரத்தில் வர்த்தகம் படிக்க, சாதாரண தரத்தில் வணிகக் கல்வியும் கணக்கீடும் எடுத்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுத்திருந்தால் பன்னிரண்டாம் தரம் இலகுவாக இருக்கும், அவ்வளவுதான். தொழினுட்பத்துறையும் அப்படித்தான். விதிவிலக்கு அழகியல். உயர்தரத்தில் சங்கீதம், நடனம், சித்திரம் படிக்க நினைக்கும் பிள்ளை அதைச் சாதாரண தரத்திலேயே எடுத்திருப்பது நல்லது. இரண்டு வருட அடித்தளம் இல்லாமல் செய்முறைப் பரீட்சைக்கு நிற்பது கடினம்.

ஆகவே தொகுதிப் பாடங்களின் பயன் இரண்டு. அந்த மூன்று திறமைச் சித்திகளைச் சேர்ப்பது ஒன்று. பிள்ளைக்கு உண்மையில் இருக்கும் ஆற்றலை வளர்ப்பது மற்றது. இந்த இரண்டையும் வைத்தே தெரிவு செய்யவேண்டும்.

முதலாம் தொகுதி: சிங்களத்தைப் பற்றி ஒரு வார்த்தை

எங்கள் பிள்ளைகள் அதிகம் எடுப்பவை குடியுரிமைக் கல்வி, புவியியல், வணிகம். ஆசிரியர் இருந்தால் மூன்றும் நல்லவை. மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குக் குடியுரிமைக் கல்வி ஒத்துவரும். படம், வரைபடம் விளங்கும் பிள்ளைக்குப் புவியியல் ஒத்துவரும். கணக்கில் பயமில்லாத பிள்ளைக்கு வணிகமும் கணக்கீடும் நல்லது.

இரண்டாம் மொழிச் சிங்களத்தை மலையகத்திலும் வடக்கிலும் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. வடக்கில் அதற்கான காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஊவாவில் எங்கள் வாழ்க்கை வேறு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தமிழர். ஆஸ்பத்திரி, பொலிஸ், பிரதேச செயலகம் எங்கு போனாலும் படிவம் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். கடைவீதிச் சிங்களம் எங்கள் பிள்ளைகளுக்கு வரும், எழுத்து வராது. எழுதத் தெரியாததால் அப்பாவின் சேவைக்காலப் பணத்துக்கான கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்து எழுதவேண்டியிருக்கிறது. மேலும், 2007 யூலை 1இற்குப் பின்னர் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று விதி இருக்கிறது. அரச வேலையைக் கனவு காணும் பிள்ளைக்கு இது நேரடியாகப் பயன்படும். பாடசாலையில் கற்பிக்க ஆள் இருந்தால், இதை ஒதுக்குவதற்கு முன் யோசியுங்கள். ஆள் இல்லையென்றால், வேறு பாடத்தை எடுத்துவிட்டுச் சிங்கள எழுத்தை வெளியில் படிப்பதே புத்தி.

இரண்டாம் தொகுதி: ஆசை எங்கே இருக்கிறது

மற்ற இரண்டு தொகுதிகளை விட இங்கே பிள்ளையின் விருப்பத்துக்கு அதிக இடம் கொடுக்கலாம். கூத்தும் பாட்டும் தப்பும் எங்கள் தோட்டங்களில் வாழ்ந்துகொண்டிருப்பவை. காமன் கூத்தில் வேசம் கட்டிய பிள்ளைக்கு நாடகமும் அரங்கியலும் அந்நியமான பாடம் அல்ல. சித்திரமும் அழகியல் பாடங்களும் செய்முறையோடு வருபவை. ஆகவே ஆசிரியரின் பயிற்சி இல்லாமல் புத்தகத்தை மட்டும் வைத்து நல்ல பெறுபேறு எடுப்பது சிரமம். சங்கீதம், நடனம் எடுக்க விரும்பும் பிள்ளைக்கு, ஆசிரியர் அடுத்த இரண்டு வருடமும் இருப்பாரா என்று கட்டாயம் கேட்கவேண்டும். அவர் போய்விடக்கூடியவர் என்றால் தமிழ் இலக்கிய நயம் பாதுகாப்பான தெரிவு. தமிழ் ஆசிரியர் எந்தப் பாடசாலையிலும் இருப்பார், புத்தகத்தை வைத்துத் தனியாகவும் படிக்கலாம்.

மூன்றாம் தொகுதி: இலகுவானது எது

சுகாதாரமும் உடற்கல்வியும், மனைப்பொருளியல், விவசாயம் ஆகியவை இலகுவானவை என்று ஒரு பேச்சு உண்டு. இலகு என்பது ஆசிரியரைப் பொறுத்தது. ஒழுங்காகக் கற்பித்தால் மூன்றிலும் நல்ல பெறுபேறு எடுக்கலாம்.

விவசாயத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும். "தோட்டத்துப் பிள்ளைக்கு விவசாயம்தானே" என்று சில ஆசிரியர்களே சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தால் எடுக்கட்டும். லயத்தில் பிறந்தது அதற்குக் காரணமாக இருக்கக்கூடாது.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை எல்லோரும் விரும்புவார்கள். கணினிக்கூடம் திறந்திருக்கிறதா, வாரத்தில் எத்தனை தடவை பிள்ளைகள் கணினியைத் தொடுகிறார்கள் என்று பதினோராம் தரத்துப் பிள்ளை ஒன்றிடம் கேளுங்கள். அதிபரிடம் கேட்பதை விட அது சரியான தகவலைத் தரும்.

அதற்கு அடுத்த தெரிவு: உயர்தரம்

உயர்தரத்தில் மூன்று பாடங்கள். கலை, வர்த்தகம், உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் என்ற பழைய துறைகளோடு, 2013இல் தொழினுட்பத்துறையும் ஆரம்பிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூன்று பாடங்களிலும் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் வேண்டும்.

இந்தத் தெரிவில் ஒரு பாடம் மாறினாலும் வழி மாறிவிடும். உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியல் எடுத்தால் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் விவசாயத் துறைப் பட்டங்களுக்குப் போகலாம், மருத்துவம் மூடப்பட்டுவிடும். வணிகக் கல்வி, கணக்கீடு, பொருளியல் மூன்றும் சேர்ந்தால் முகாமைத்துவத்துக்கு வழி. தாதியர் பயிற்சிக்குக்கூட உயர்தரத்தில் விஞ்ஞானத்துறைச் சித்தி கேட்கிறார்கள்.

கலைத்துறையில் எங்கள் பிள்ளைகள் வழமையாக எடுப்பது தமிழ், இந்து நாகரிகம், அதோடு அரசறிவியல் அல்லது நாடகமும் அரங்கியலும். இவற்றில் தவறில்லை. ஆனால் எல்லோரும் அதையே எடுப்பதால் போட்டியும் அங்கேயே குவிகிறது. புவியியல், பொருளியல், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் போன்ற ஒன்றைச் சேர்க்க முடிந்தால் பட்டத்துக்குப் பிறகும் வழி அகலமாக இருக்கும். கலைத்துறைப் பாடங்களைச் சேர்ப்பதற்குத் தனி விதிகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூல் தமிழிலும் வருகிறது. பன்னிரண்டாம் தரத்தில் சேருவதற்கு முன்னரே அதைப் பார்க்கவேண்டும், பெறுபேறு வந்த பிறகு அல்ல.

தொழினுட்பத்துறை, விஞ்ஞானத்துறைக்கு இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு நல்ல வழி. பொறியியற் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் ஒன்று, தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம் கட்டாயம், மூன்றாவதாக ஒரு தெரிவுப் பாடம். தமிழ்மொழியில் அது எந்தப் பாடசாலையில் நடக்கிறது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்டு அறியலாம்.

2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளை நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழினுட்பத்துக்கு ஒரு பட்டப்படிப்பு உண்டு. தேயிலையை எப்படிப் பதப்படுத்துவது, பெறுமதி சேர்ப்பது என்று கற்பிக்கிறார்கள். அதற்குப் போக உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். நான்கு, ஐந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளை அந்த வகுப்பில் உட்காருவதற்கு, பத்தாம் தரத்தில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் வேண்டும்.

மாவட்டக் கோட்டா யாருக்கு

விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்ற பல படிப்புகளுக்குப் பல்கலைக்கழக இடங்கள் இஸட் புள்ளியின்படி பகிரப்படுகின்றன. 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி போகும். 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். பதுளையும் மொனராகலையும் அந்தப் பட்டியலில் உள்ளன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறையும் உள்ளன.

1970களின் தரப்படுத்தலை அனுபவித்த வடக்கு வாசகர்களுக்கு மாவட்டக் கோட்டா என்ற சொல்லே கசக்கும். அதே முறை பின்தங்கிய மாவட்டத்துக்கு உதவுகிறது என்பதும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோட்டா மாவட்டத்துக்குத்தான், தோட்டத்துக்கு அல்ல. பதுளையின் இடங்களுக்கு மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளையும், ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்த நகரத்துப் பாடசாலைப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று போட்டியிடுகிறார்கள். பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் கிடைக்கும் இடம், பின்தங்கிய பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகிறது என்று சொல்லமுடியாது.

உயர்தரத்துக்காக வேறு மாவட்டத்துக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். எந்த மாவட்டத்துப் பிள்ளையாகக் கணக்கிடப்படும் என்பது பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எங்கே படித்தது என்பதைப் பொறுத்தது. கைநூலில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

உயர்தரத்துக்குத் தகுதி வராவிட்டால்

சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையைத் தோட்டத்துக்கோ கொழும்புக்கோ அனுப்புவதற்கு முன் இரண்டு வழிகளைப் பாருங்கள். 2017இல் ஆரம்பித்த 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ், தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழில்சார் பாடங்களைப் படிக்கலாம். அதற்குச் சாதாரண தரச் சித்தி தடையில்லை. மற்றது தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ். தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, பதுளைத் தொழினுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கான பயிற்சிகள் உண்டு. மூன்றாம், நான்காம் மட்டங்களில் தொடங்கி, டிப்ளோமா, பட்டம் வரை ஏழு மட்டங்களுக்கு ஏறலாம். சேருவதற்கு முன் பயிற்சி தமிழில் நடக்கிறதா என்று கேளுங்கள். சிங்களத்தில் மட்டும் நடக்கும் வகுப்பில் சேர்ந்து இடையில் நின்ற பிள்ளைகள் எங்கள் பக்கம் பலர். இரண்டாம் மொழியைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் வந்து நிற்கிறது.

கையெழுத்து வைக்கும் முன் கேட்கவேண்டியவை

பெற்றோர் அதிபரிடமோ வகுப்பாசிரியரிடமோ இவற்றைக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. ஆசிரியர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

ஒன்று, பத்தாம் பதினோராம் தரங்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்பது யார்? அந்தப் பாடத்துக்குப் பயிற்சி பெற்றவரா? இப்போது பாடசாலையில் இருக்கிறாரா, வரப்போகிறவரா?

இரண்டு, இந்தத் தொகுதிப் பாடத்தில் போன வருடம் பரீட்சை எழுதிய பிள்ளைகள் என்ன பெறுபேறு எடுத்தார்கள்?

மூன்று, ஆசிரியர் இல்லாத பாடத்தைப் பிள்ளை விரும்பினால், பக்கத்துப் பாடசாலையில் வாரத்தில் ஒருநாள் போய்ப் படிக்க ஒழுங்கு செய்யமுடியுமா?

நான்கு, தெரிவை மாற்ற எதுவரை அவகாசம் உண்டு? பத்தாம் தர முதலாம் தவணைக்குள் மாற்றினால் சேதம் குறைவு. பதினோராம் தரத்தில் மாற்றுவது ஆபத்து.

ஐந்து, பிள்ளை என்ன சொல்கிறது? இதைக் கேட்கத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள்.

விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று பதில் வந்தால், தனியாகப் போகாமல் நாலைந்து பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் ஒரு பிரதியை வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையொப்பம் வாங்குங்கள். மாதம் ஒருமுறை போய்க் கேளுங்கள். ஆசிரியர் வரும்வரை பிள்ளை சும்மா இருக்கவும் கூடாது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. தோட்டத்தில் யாராவது ஒருவர் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் கேட்டுப் பாருங்கள். இதெல்லாம் ஓர் ஆசிரியருக்கு ஈடாகாது. இரண்டு தவணை வெறுமனே போவதை விட நல்லது.

அன்றிரவு தங்கைக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. எந்தப் பாடத்துக்குச் சரி போடுவது என்று கேட்டவளிடம், "விஞ்ஞானத்துக்கு ஆள் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டேன்.

"அது கட்டாயப் பாடம்தானே அண்ணா. அது இந்தப் படிவத்தில இல்லையே."

"இல்லைதான். போய்க் கேளு."

மறுநாள் பின்னேரம் எடுத்தாள். மகன் தானே படிவத்தை நிரப்பினானாம். புவியியல், சித்திரம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல். விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லையாம். ஆசிரியை பிரசவ விடுமுறையில் போய், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. தங்கை வாசலில் நின்ற மூன்று தாய்மாரையும் கூட்டிக்கொண்டு அதிபரின் அறைக்குப் போயிருக்கிறாள்.

"அதிபர் எழுத்தில தரச் சொன்னார் அண்ணா. கடிதத்தை எப்பிடித் தொடங்குறது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.